பழைய காபரேட்டரும் பெற்றோல் பம்பும்: எந்த ஊத்தைக்கு எந்தக் கரைப்பான்

எஞ்சினுக்குப் பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் காபரேட்டரைக் கழற்றி முற்றத்தில் பேப்பர் விரித்து வைத்துவிட்டு "இத எதில ஊறப்போட்டா நல்லது?" என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு மருந்து சொல்வார்கள். ஒருவர் பெற்றோல், ஒருவர் தின்னர், இன்னொருவர் தேசிக்காய் பிழிந்து அவிக்கச் சொல்வார், நாலாவது ஆள் யாரும் கேட்காமலே காஸ்டிக் சோடா என்பார். கடைசி ஆளைத் தவிர மற்ற மூவரும் சொல்வது ஓரளவு சரிதான், ஆனால் மூவரும் மூன்று வேறு ஊத்தையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

நான் இதைப் படித்தது காசு கொடுத்து. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்ற நாட்கள் ஞாபகம் இருக்குமே, ஜூலையில் கியூஆர் முறை வந்து மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று ஆனபோது, வீட்டில் இருந்த பழைய ஹொண்டா சி.டி. 125ஐ மூலையில் சாத்திவிட்டுச் சைக்கிளில் திரிந்தேன். பவுலில், அதாவது காபரேட்டரின் அடியில் பெற்றோல் தேங்கும் கிண்ணத்தில், இருந்த பெற்றோலை இறக்கிவிட வேண்டும் என்று தோன்றவே இல்லை. ஒரு வருடம் கழித்துத் திறந்தால் உள்ளே பிளேன்டீ நிறத்தில் பிசின். ஒரு யோகட் கோப்பையில் தின்னர் ஊற்றி, ரப்பர் வளையம், பெற்றோலைத் திறந்து மூடும் நீடில், அதை ஆட்டும் மிதவையான புளோட் என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டுப் படுக்கப் போனேன். விடியப் பார்த்தால் கோப்பையின் அடி கரைந்து தின்னர் முழுக்கச் சீமெந்தில் ஓடியிருந்தது, வளையம் ஊறின உளுந்து மாதிரி உப்பிக் கிடந்தது. அதைக் கொண்டுபோய் மட்டக்களப்புக் கல்லடியில் எனக்குத் தெரிந்த ஒரு வயதான மெக்கானிக்கிடம் காட்டினேன், சிரித்துவிட்டுச் சொன்னார்: "மனே, சட்டி கழுவுறதெண்டாலும் அடியில பிடிச்சது சோறா மீனா எண்டு பாத்துத்தானே தேய்க்கிற?"

அதுதான் இந்த வழிகாட்டி. முதலில் ஊத்தை எது என்று பாருங்கள், பிறகு அது ஒட்டியிருக்கும் பொருள் எதைத் தாங்கும் என்று பாருங்கள். கடைக்குப் போவது மூன்றாவது வேலை.

முதல் படி: என்ன ஊத்தை?

பழைய காபரேட்டரில் நாலு வகை ஊத்தை இருக்கும், அநேகமாக ஒன்றின் மேல் ஒன்றாக.

வெளியே ஒட்டியிருப்பது எண்ணெயும் மண்ணும். இது லேசான விஷயம், மண்ணெண்ணெய்க்கே போய்விடும்.

உள்ளே இருப்பது பிசின். பெற்றோலில் உள்ள சில பொருட்கள் காற்றோடு சேர்ந்து மெதுவாக மாறி ஒட்டும் தன்மையாகி, பிறகு காய்ந்து வார்னிஷ் மாதிரி இறுகிவிடும். வெயிலும் சூடும் இதை வேகப்படுத்தும், பித்தளையில் இருக்கும் செம்பும் வேகப்படுத்தும். இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள். பெற்றோலில் இருந்து வந்த ஊத்தை பெற்றோலிலேயே கரைந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அது பெற்றோலில் கரையாத பொருளாக மாறியபடியால்தான் அடியில் வந்து படிந்தது. புதிதாகப் படிந்த பிசுபிசுப்பைப் பெற்றோல் ஓரளவு இளக்கும், இறுகிய பிசினை ஒன்றும் செய்யாது. நாள் முழுக்கப் பெற்றோலில் ஊறப்போட்டு எடுத்தால் பளபளப்பாகத் தெரியும், ஆனால் ஜெட் (பெற்றோலை அளந்து விடும் நுண்துளையுள்ள பித்தளைத் துண்டு) அடைப்பு அப்படியே இருக்கும்.

மூன்றாவது வெள்ளைப் பூப்பு, பித்தளையில் என்றால் பச்சைக் களிம்பு. இது தண்ணீர் செய்த வேலை. மாரியில் டேங்குக்குள் ஈரம் இறங்கி, தண்ணீர் பெற்றோலை விடக் கனம் என்பதால் பவுலின் அடியில் போய் இருந்து, அலுமினியத்தையோ நாகக் (சிங்க்) கலவையையோ அரித்துவிடும். நாகக் கலவை என்று சொன்னது பழைய காபரேட்டர் உடம்புகளில் இருக்கும் அந்தச் சாம்பல் நிற உலோகம், அலுமினியத்தை விடக் கையில் கனமாக இருக்கும். இந்த அரிப்பு எந்தத் தின்னரிலும் கரையாது, ஏனென்றால் அது உலோகமே மாறி வந்த பொருள்.

நாலாவது உப்பு, இது எங்கள் கரையோர ஆட்களுக்கென்றே உள்ள ஊத்தை. வாழைச்சேனை, கல்முனை, பொத்துவில் என்று கடற்கரையில் நிற்கும் படகுகளின் அவுட்போர்ட் எஞ்சின் எல்லாவற்றிலும் இருக்கும், கடலுக்குப் பக்கத்தில் வீடு என்றால் மோட்டார் சைக்கிளிலும் இருக்கும். உப்பு பெற்றோலில் கரையாது, அசிட்டோனில் கரையாது, ஒரு டின் காபரேட்டர் ஸ்பிரே அடித்தாலும் கரையாது. வெந்நீரில் இரண்டு நிமிடத்தில் கரையும். ஆயிரக்கணக்கில் ஸ்பிரேக்குக் கொடுத்துவிட்டுத் தண்ணீரைத் தொடாமல் விடுபவர்களைக் கண்டிருக்கிறேன்.

சந்தேகம் என்றால் காதுக் குச்சிப் பரிசோதனை. பவுலின் உள்பக்கம் ஒரு குச்சியை மண்ணெண்ணெயில் தோய்த்துத் தேயுங்கள், பக்கத்து இடத்தில் இன்னொன்றைத் தின்னரில், மூன்றாவதைச் சுடுதண்ணீரில். எந்தக் குச்சி தேய்த்த இடத்தில் ஊத்தை விட்டுப் போகிறதோ அதுதான் உங்கள் கரைப்பான். மூன்றுமே சுத்தமாக வந்து ஊத்தை மட்டும் அப்படியே இருந்தால் அது அரிப்பு, அதற்கு வேறு வழி.

இரண்டாவது படி: கழற்றிப் பிரித்து வைத்தல்

கழற்றும்போதே இரண்டு பாத்திரம் வையுங்கள். வெறும் உலோகம் ஒன்றில், ரப்பர், பிளாஸ்டிக், கோர்க், பேப்பர் கேஸ்கட் எல்லாம் மற்றதில். இரண்டாவது பாத்திரத்துக்குத் தின்னர், அசிட்டோன், ஸ்பிரே மூன்றும் தடை. பெற்றோலுக்கென்று செய்யும் நைட்ரைல் ரப்பர் பெற்றோலையும் மண்ணெண்ணெயையும் வருடக்கணக்கில் தாங்கும், ஆனால் அசிட்டோனில் உப்பிப் பிய்ந்துவிடும். விலை கூடிய வைட்டன் ரப்பரும் அசிட்டோனைத் தாங்காது என்பது பலருக்குத் தெரியாது. மாறாக, பிரேக்குக்குப் போடும் ரப்பர் பெற்றோலில்தான் உப்பும், அதனால் "ஓ-ரிங்தானே" என்று அளவு மட்டும் பார்த்து எதையாவது வாங்கிப் போடாதீர்கள். இந்தப் பாத்திரத்துக்கு மண்ணெண்ணெய் தோய்த்த துணியும், பிறகு சவர்க்காரத் தண்ணீரும் போதும்.

நீடில் வால்வின் நுனியைக் கட்டாயம் பாருங்கள். கறுப்பாகவோ பழுப்பாகவோ நுனி இருந்தால் அது ரப்பர், முழுக்கப் பித்தளை என்றால் பயமில்லை. காற்றுத்திருகிக்கு அடியில் ஊசித்துளை மாதிரி இடத்தில் ஒரு குட்டி ஓ-ரிங் ஒளிந்திருக்கும், அதை எடுக்க மறப்பது எல்லோருக்கும் நடப்பது. வளைந்த ஊசியால் கிளறி எடுங்கள். சில பழைய பம்ப்களில் ஷெலாக் என்ற அரக்குப் பூச்சுப் பூசிய கோர்க் இருக்கும், ஷெலாக் ஸ்பிரிட்டில் கரையும் என்பதையும் மனதில் வையுங்கள்.

பித்தளை புளோட் என்றால் அதைக் கரைப்பானில் போடும் முன் கொதித்த தண்ணீருக்குள் அமுக்கிப் பிடியுங்கள். எங்காவது ஓட்டை இருந்தால் உள்ளே உள்ள காற்று சூடாகிக் குமிழ் குமிழாக வரும், அந்த இடத்தில் பென்சிலால் குறி. உள்ளே பெற்றோல் புகுந்திருக்கும் புளோட்டை நேரே ஈயம் பற்றவைக்கப் போனால் கையில் வெடிக்கும், முதலில் அதை முழுக்க வெளியேற்ற வேண்டும்.

மூன்றாவது படி: கடையில் என்ன வாங்குவது

மண்ணெண்ணெய். மலிவு, பெற்றோலுக்கென்று செய்த ரப்பருக்கு ஆபத்தில்லை, மெதுவாகத்தான் ஆவியாகும். வெளி ஊத்தைக்கும் இரண்டு ஸ்ட்ரோக் ஒயில் படிவுக்கும் இதை விட நல்லது வேண்டாம். டர்பன்டைன் என்று பெயின்ட் கடையில் தரும் மினரல் வகையும் ஏறக்குறைய இதன் தம்பிதான், விலை மட்டும் கூட. டபிள்யூ.டி. 40யும் பெரும்பாலும் அந்தக் குடும்பமே, ஈரத்தைத் தள்ள நல்லது, பிசினுக்குப் பயனில்லை.

என்.சி. தின்னர். பிசினுக்கு என் முதல் தெரிவு இதுதான். தொலுயீன், அசிட்டோன், ஆல்கஹால் வகைகள் எல்லாம் கலந்த கலவை என்பதால் ஒன்று இளக்காததை இன்னொன்று இளக்கும். கடையில் கேட்கும்போது "வாகனத்துக்கு ஸ்பிரே பெயின்ட் அடிக்கிற தின்னர்" என்று சொல்லிக் கேளுங்கள், வெறுமனே தின்னர் என்றால் எனாமல் பெயின்டுக்குக் கலக்கும் டர்பன்டைன் வகையைத் தந்துவிடுவார்கள், அது மண்ணெண்ணெய் செய்யும் வேலையைத்தான் செய்யும். மலிவுத் தின்னரில் கலப்படம் இருக்கலாம். ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் விட்டுக் காயவிடுங்கள், எண்ணெய்ப் படலம் மிஞ்சினால் அதைக் கடைசிக் கழுவலுக்கு எடுக்க வேண்டாம்.

அசிட்டோன். தின்னரை விட வேகம், ஆனால் எங்கள் வெக்கைக்கு ஒரு குறை உண்டு: வேலை செய்யும் முன்னமே பறந்துவிடும். இறுக மூடிய கண்ணாடிப் போத்தலுக்குள் ஊறப்போட்டால் மட்டும் பிரயோசனம். இன்னொன்று, அது பறக்கும்போது உலோகம் சில்லென்று குளிர்ந்து, காற்றில் உள்ள ஈரம் அதில் பனித்துப் படியும். வாவிக் காற்றில் இதைக் கண்ணால் பார்க்கலாம். அதனால் அசிட்டோனுக்குப் பிறகு காற்றடித்து உலர்த்தாமல் பூட்டாதீர்கள். நெயில் பாலிஷ் ரிமூவர் இதற்குப் பதில் அல்ல, அதில் தண்ணீரும் வாசனையும் எண்ணெயும் கலந்திருக்கும்.

ஸ்பிரிட். பிசினுக்குப் பலம் போதாது. கழுவிய தண்ணீரைத் துளைகளில் இருந்து வெளியே இழுக்கவும், மின்தொடுப்புகளைத் துடைக்கவும் நல்லது. பார்மசியில் வாங்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட் சிலவற்றில் ஆமணக்கெண்ணெய் கலந்திருக்கும், அதே கண்ணாடித் துண்டுப் பரிசோதனையைச் செய்துவிடுங்கள்.

காபரேட்டர் ஸ்பிரே டின். உள்ளே இருப்பது தின்னரின் சொந்தக்காரர்கள்தான், நீங்கள் காசு கொடுப்பது அழுத்தத்துக்கும் அந்தச் சிவப்புக் குழாய்க்கும். ஊறப்போட இதைப் பயன்படுத்துவது காசை ஊற்றுவது. உள்வழிகள் திறந்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் வையுங்கள், ஒரு துளையில் அடித்தால் மற்றத் துளையில் பீய்ச்ச வேண்டும். கண்ணாடி போடுங்கள், ஏனென்றால் அது பீய்ச்சும் மற்றத் துளை எப்போதும் உங்கள் முகத்தைப் பார்த்துத்தான் இருக்கும். பிரேக் கிளீனரை இதற்குப் பதிலாக எடுப்பவர்கள் டின்னில் குளோரின் சேர்ந்த பெயர் ஏதும் இருக்கிறதா என்று வாசியுங்கள். அந்த வகை படிந்த உலோகத்தைச் சூடாக்கினாலோ வெல்டிங் செய்தாலோ உயிரைக் குடிக்கும் வாயு வரும்.

பெற்றோலால் கழுவுவதை நான் விட்டுவிட்டேன். பிசினுக்குப் பலவீனம், தீக்கு முதல் ஆள், அதோடு அதில் இருக்கும் பென்சீன் புற்றுநோய் தரும் பொருள்.

நாலாவது படி: கழுவும் ஒழுங்கு

ஒழுங்கு முக்கியம், ஏனென்றால் எண்ணெய்க்கு அடியில் உள்ள உப்பைத் தண்ணீர் தொடாது, பிசினுக்கு அடியில் உள்ள பூப்பைப் புளிப்பு தொடாது.

கழற்ற முன்பே முழுக் காபரேட்டரையும் வெளியே மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கியும் கொண்டு தேய்த்துவிடுங்கள். கழற்றிய பிறகு உலோகத் துண்டுகளைச் சவர்க்காரம் கரைத்த வெந்நீரில் பத்து நிமிடம், பிறகு வெறும் வெந்நீரில் இரண்டு தரம் அலசல். மண்ணெண்ணெய் மிச்சமும் உப்பும் ஒன்றாகப் போகும். இதற்குக் குழாய்த் தண்ணீரோ மழைத்தண்ணீரோ எடுங்கள், கரையோரக் கிணற்றில் உவர் என்றால் உப்பைக் கழுவ உப்புத் தண்ணீர் ஊற்றியதாகிவிடும். வெயிலில் நன்றாகக் காயவையுங்கள்.

அடுத்து தின்னர். பழைய ஜாம் போத்தல் ஒன்றில் ஜெட்டுகளையும் சிறு பித்தளைத் துண்டுகளையும் போட்டு மூழ்க ஊற்றி மூடி, ஓர் இரவு. உடம்பு பெரிது என்றால் மூடியுள்ள பிஸ்கட் டின். இரண்டு மூன்று மணித்தியாலத்துக்கு ஒருமுறை எடுத்துப் பல்துலக்கியால் தேய்த்துத் திரும்பப் போட்டால் பாதி நேரத்தில் முடியும். தண்ணீர்ப் போத்தல், யோகட் கோப்பை எதுவும் வேண்டாம், என் சீமெந்தில் இன்னும் அந்தக் கறை இருக்கிறது.

ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். கெய்ஹின் கம்பனி ஜெட்டில் 38 என்று இருந்தால் துளை சுமார் 0.38 மில்லிமீற்றர், பித்தளை மென்மையான உலோகம், இரும்புக் கம்பி ஒரு கீறல் போட்டாலும் பெற்றோல் அளவு மாறிவிடும். எங்கள் ஊரில் இதற்குத் தங்கூசியை (மீன்பிடிக்கும் நைலோன் நூல்) விட நல்ல கருவி கிடையாது. மீன்பிடிச் சாமான் கடையில் மெல்லிய அளவில் ஒரு முழம் வாங்கி, நுனியைச் சரிவாக வெட்டித் துளைக்குள் விட்டு இழுங்கள். வானத்தைப் பார்த்துப் பிடித்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும், பாதி வட்டம் தெரிந்தால் இன்னும் ஒரு இரவு தின்னர்.

இப்போதும் வெள்ளைப் பூப்பு இருந்தால் மட்டும் தேசிக்காய். ஒரு லீற்றர் வெந்நீருக்கு நாலைந்து தேசிக்காய்ச் சாறு, அல்லது இரண்டு தேக்கரண்டி சிற்றிக் அமிலத் தூள். பத்து நிமிடம், பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டு. புளிப்பு முதலில் பூப்பைத் தின்னும், அது முடிந்ததும் உலோகத்தைத் தின்னும், சுத்தமான இடத்திலிருந்தும் குமிழ் வரத் தொடங்கினால் உடனே எடுங்கள். நாகக் கலவை என்றால் ஐந்து நிமிடத்தில் எடுத்துப் பார்ப்பேன். எடுத்தவுடன் அப்பச்சோடா கரைத்த தண்ணீரில் முக்கி, வெந்நீரில் அலசி, ஸ்பிரிட் ஊற்றி, காற்றடித்து உலர்த்த வேண்டும். இடையில் பிளேன்டீ குடிக்கப் போக முடியாத ஒரே படி இதுதான்.

டயர் கடையில் காற்றடிப்பவர்கள் புளோட்டும் ரப்பரும் பூட்டிய நிலையில் அடிக்க வேண்டாம், அந்த அழுத்தத்தில் பித்தளை புளோட் நசுங்கிப்போகும். அடிக்க முன் ஒரு பேப்பரில் அடித்துப் பாருங்கள், கொம்பிரசர் டேங்கில் தேங்கிய தண்ணீர் பேப்பரை நனைத்தால் முதலில் அதை வடிக்கச் சொல்லுங்கள்.

மொரிஸ் மைனர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காரில் வரும் எஸ்.யூ. கம்பனிக் காபரேட்டரின் மேல் குடமும் உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று அளந்து செய்த சோடி. தின்னர் தோய்த்த பஞ்சு போகாத துணியால் துடைக்கலாம், அரத்தாள், பொலிஷ் எதுவும் தொடக்கூடாது. இரண்டு காபரேட்டரைக் கழற்றினால் குடங்களை மாற்றிப் போட்டுவிடாதீர்கள்.

பெற்றோல் பம்ப்

இது காபரேட்டர் மாதிரி இல்லை, இதன் உயிர் உள்ளே ஏறி இறங்கிப் பெற்றோலை இழுக்கும் மெல்லிய சவ்வான டயபிரத்தில் இருக்கிறது. நெம்பு வைத்த பழைய மெக்கானிக்கல் பம்ப் என்றால் பிரிக்க முன் மேல் கீழ் இரண்டு உடம்பும் சேரும் இடத்தில் ஒரு கீறல் போடுங்கள், இல்லாவிட்டால் பூட்டும்போது குழாய் வாய் வேறு திசையைப் பார்க்கும். உலோக உடம்புக்கு மேலே சொன்ன அதே ஒழுங்கு. டயபிரத்துக்கு மண்ணெண்ணெய்த் துணி மட்டும். விரலால் மடித்தால் வெடிப்புத் தெரிகிறதா, காய்ந்த தோல் மாதிரி விறைப்பாக இருக்கிறதா, அப்படியென்றால் எந்தக் கரைப்பானும் அதைத் திரும்ப இளக்காது, புதிது வாங்குங்கள். தின்னரில் போட்டால் சில நேரம் இளகின மாதிரித் தெரியும், அது உப்பல், ஒரு வாரத்தில் கிழியும். வால்வு பிடிக்கிறதா என்று பார்க்க, பெற்றோல் வரும் வாயை விரலால் அடைத்து நெம்பை ஆட்டுங்கள், விரலை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

எஸ்.யூ. மின்பம்பைத் தின்னரில் முழுக்கப் போடவே கூடாது, சுருளில் சுற்றிய கம்பியின் பூச்சை அது கழற்றிவிடும். கீழ்ப் பகுதியையும் பித்தளை வலையையும் மட்டும் தனியே எடுத்துக் கழுவுங்கள், மேலே உள்ள பொயின்டை (மின்தொடுப்பை) பற்றரி கழற்றிய நிலையில் ஸ்பிரிட் நனைத்த கடதாசித் துண்டைச் செருகி இழுத்துத் துடையுங்கள். டேங்குக்குள் இருக்கும் புதுக்கார் பம்ப் இந்தக் கதையில் இல்லை, அதை மாற்றுவதுதான் வேலை.

அவுட்போர்ட் எஞ்சினின் சிறிய டயபிரம் பம்பில் பெரும்பாலும் உப்பும் ஒயிலும்தான் இருக்கும். சவர்க்கார வெந்நீர், மண்ணெண்ணெய், முடிந்தது. அந்த மெல்லிய தாளில் ஸ்பிரே அடித்துவிட்டுக் கடலுக்குப் போகாதீர்கள்.

செய்யவே கூடாதவை

காஸ்டிக் சோடா அலுமினியத்தையும் நாகத்தையும் கரைக்கும், கூடவே தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவும் வரும். ஒரு இரவு போட்டால் காலையில் எடுக்க ஒன்றும் இருக்காது. கழிவறை கழுவும் அசிட்டும் பற்றரி அசிட்டும் கூட வேண்டாம், அவையும் உலோகத்தைத் தின்னும்.

தீ பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு திரவம் எந்தச் சூட்டில் பற்றக்கூடிய ஆவியை விடத் தொடங்கும் என்று ஒரு அளவு இருக்கிறது, பெற்றோலுக்கு அது சைபருக்குக் கீழே 40 பாகை செல்சியஸ் அளவில், அசிட்டோனுக்குச் சைபருக்குக் கீழே 20 அளவில், மண்ணெண்ணெய்க்கு 38க்கு மேல். மத்தியான வெயிலில் காய்ந்த சீமெந்துத் தரையில் மண்ணெண்ணெயும் பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. ஆவி காற்றை விடக் கனம், தரையோடு தவழ்ந்து குசினி அடுப்பு வரைக்கும் போகும். அதனால் வெளியே, மர நிழலில், காற்றோடும் இடத்தில், பீடி சிகரட் இல்லாமல். கையை விட்டுத் துழாவாமல் கம்பிக் கொக்கியால் எடுங்கள். நீல நிற நைட்ரைல் கையுறை மண்ணெண்ணெய்க்கு நல்லது, அசிட்டோன் அதற்குள்ளால் சீக்கிரமே ஊடுருவிவிடும்.

பாவித்த தின்னரைக் கொட்ட வேண்டாம். போத்தலில் இரண்டு நாள் அசையாமல் வைத்தால் ஊத்தை அடியில் படியும், மேலே தெளிந்ததை வேறு போத்தலில் ஊற்றி அடுத்த வேலையின் முதல் கழுவலுக்கு எடுக்கலாம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள எங்கள் எழுவான்கரை முழுக்க மணல், கிணறு ஆழமில்லை, முற்றத்தில் ஊற்றிய மண்ணெண்ணெய் உங்கள் கிணற்றுக்கோ அடுத்த வீட்டுக் கிணற்றுக்கோதான் போகும். அடியில் மிஞ்சும் சேற்றை மணலிலோ மரத்தூளிலோ உறிஞ்சவிட்டு, மூடிய டின்னில் போட்டு வையுங்கள், எரிந்த ஒயில் சேர்க்கும் கராஜ் ஏதும் வாங்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

பூட்டும் முன் டேங்கையும் பெற்றோலைத் திறந்து மூடும் டப்பின் அடிக் கிண்ணத்தையும் பாருங்கள், அங்கே துரு இருந்தால் இவ்வளவும் வீண். பூட்டியதும் எஞ்சினை உடனே உதைக்க வேண்டாம். பெற்றோலைத் திறந்துவிட்டு, கீழே காய்ந்த காட்போர்ட் மட்டை ஒன்றைப் போட்டு, பக்கத்தில் நின்று அரை மணித்தியாலம் பாருங்கள். மட்டையில் ஈரப் பொட்டு விழுந்தால் நீடிலோ பவுல் கேஸ்கட்டோ இன்னும் சரியில்லை, டப்பை மூடிவிட்டுத் திரும்பக் கழற்றுங்கள். மட்டை காய்ந்தே இருந்தால் சோக்கை இழுத்து உதையுங்கள்.